வேகம் கிடக்கட்டும், ஒயர் அறுந்தால் யார் வருவார்?

வாசகர் கேள்வி பதில்: வீட்டு பிராட்பேண்ட்

வீட்டு நெட் கனெக்‌ஷன் பற்றி என்ன கேட்கத் தோன்றுகிறதோ எழுதி அனுப்புங்கள் என்று போன மாதம் சொன்னதுதான் தாமதம், குவிந்துவிட்டது. பாதி கேள்விகள், பாதி புலம்பல்கள். புலம்பலுக்கும் பதில் உண்டு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

*

நானும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். மகன் பெங்களூரில். ராத்திரி எட்டு மணிக்கு அவனோடு வீடியோ கால், அப்புறம் மனைவிக்கு சீரியல், எனக்குப் பழைய கச்சேரி. இதுவரை செல்போன் டேட்டாவிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது மூன்று கம்பெனிப் பையன்கள் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் 399 என்கிறார், இன்னொருவர் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ரூட்டர் இலவசம் என்கிறார். எதை எடுக்க?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, நோட்டீஸ் மூன்றையும் மடித்து வைத்துவிட்டு முதலில் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக எப்போது நெட் போச்சு, யார் வந்து சரி செய்தார், எத்தனை நாள் ஆனது. வேகம், விலை, இலவசம் எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது எல்லா ஒயரும் ஒரே நாளில் அறுந்தது. நான் வைத்திருந்தது பெரிய பெயர் உள்ள கம்பெனி, கஸ்டமர் கேரில் ஆறு நாளும் தேனாகப் பேசினார்கள், ஆள் மட்டும் வரவில்லை. எதிர்வீட்டுக்கு நெட் கொடுத்திருந்த உள்ளூர் கேபிள்காரர் அன்று சாயங்காலமே வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து ஒயரை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் உள்ளூர்க்காரர்தான் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை, உங்கள் தெருவில் கதை நேர்மாறாகவும் இருக்கலாம். அதனால்தான் காபி குடிக்கச் சொல்கிறேன்.

இப்போது விலை. 399 என்றால் 399 இல்லை. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக கிட்டத்தட்ட 471 ரூபாய். அதோடு இன்ஸ்டலேஷன் எவ்வளவு, ரூட்டருக்கு டெபாசிட் உண்டா, ‘இலவச’ ரூட்டர் உங்களுக்கே சொந்தமா அல்லது கனெக்‌ஷனை நிறுத்தும்போது திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். ஆறு மாதப் பணத்தை முதல் நாளே கட்டாதீர்கள். ஒரு மாதம் கட்டிப் பாருங்கள், சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆறு மாதம் போகலாம்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். நல்ல தெளிவான வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம், ஹெச்டி படத்துக்கு 5 போதும், பெரிய டிவியில் 4கே பார்த்தால்கூட 15 முதல் 25 வரைதான். இரண்டு பேருக்கு 30, 40 எம்பிபிஎஸ் பிளானே மிச்சம். ‘அன்லிமிடெட்’ என்ற வார்த்தைக்கும் ஒரு எல்லை உண்டு, பல ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) பிளான்களில் அது மாதம் 3,300 ஜிபி, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பயப்படாதீர்கள், ஹெச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி தின்னும் என்று வைத்தாலும் 1,100 மணி நேரம் பார்க்கலாம். மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான்.

*

வீட்டிலிருந்து வேலை. 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். படுக்கையறையில் வைஃபையில் 40 தாண்டவில்லை. சரி என்று ஒயர் போட்டு லேப்டாப்பில் நேரடியாகச் சொருகினால் 94, அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. கம்பெனி என்னை ஏமாற்றுகிறதா?
ஐடி ஊழியர், கோவை

தம்பி, அந்த 94 என்ற எண்ணை எழுதியதற்கு நன்றி, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். எத்தனை தடவை டெஸ்ட் போட்டாலும் 94, 95 என்று ஆணி அடித்த மாதிரி நின்றால், வெளியிலிருந்து வரும் லைனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இடையில் 100க்கு மேல் போக முடியாத ஒரு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, சொருகிய போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கலாம். விலை குறைந்த ரூட்டர்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் (அதாவது 1,000 எம்பிபிஎஸ்) மற்றவை பழைய 100 ஆகவும் இருப்பதுண்டு, மாற்றிச் சொருகிப் பாருங்கள். இன்னொன்று, லேன் ஒயர். உள்ளே எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. நான்கு ஜோடியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் ஓடும். கதவிடுக்கில் நசுங்கியோ, முனையில் கிளிப் சரியாக அடிக்காமலோ ஒரு ஜோடி போய்விட்டாலும் பல நேரம் நெட் நின்றுவிடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சடித்த புது ஒயர் ஒன்றை நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டிப் பாருங்கள்.

படுக்கையறைப் பிரச்சினை வேறு. ரூட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: ஹாலில், டிவிக்குப் பின்னால், தரையோடு. சரியா? ஒயர் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ அதே மூலையில் மாட்டிவிட்டுப் போவதுதான் வருகிற பையன்களின் வழக்கம், அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. 2.4 சுவர் தாண்டும், ஆனால் மெதுவானது, அதோடு அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான் ஓடுகின்றன. நடுவில் ஒரு இரும்பு பீரோ நின்றால் கேட்கவே வேண்டாம். முதலில் ரூட்டரைத் தோள் உயரத்துக்கு, வீட்டின் நடுப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்காதீர்கள், சாதாரண ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கித்தான் கொடுக்கும். படுக்கையறை வரை ஒரு லேன் ஒயர் இழுத்து அங்கே இரண்டாவது ரூட்டர் வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் மீட்டிங்கில் முகம் உறையாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், இதைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். 200 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 200 எம்பி ஃபைல் இறங்காது. கம்பெனி சொல்வது பிட் கணக்கு, கம்ப்யூட்டர் ஃபைல் இறக்கும்போது காட்டுவது பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 200ஐ எட்டால் வகுத்தால் 25. நொடிக்கு 25 எம்பி இறங்கினால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

*

ரூட்டரில் சிவப்பு லைட் எரிகிறது. கஸ்டமர் கேரில் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார்கள். பத்து தடவை செய்துவிட்டேன்.
இல்லத்தரசி, பாளையங்கோட்டை

அம்மா, பதினோராவது தடவை செய்யாதீர்கள். அந்த லைட்டுக்குப் பக்கத்தில் எல்ஓஎஸ் என்று போட்டிருந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் வருகிற அந்த மெல்லிய ஒயரைப் பாருங்கள், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், முனையில் பச்சை அல்லது நீல நிறத்தில் ஒரு சின்னக் கிளிப். அதற்குள் இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி. கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், அதிலும் வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாம் என்ன செய்கிறோம்? மிக்ஸி ஒயரைச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி அதையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் திணித்துவிடுகிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க சோபாவை நகர்த்தும்போது அது மடங்கும், உள்ளே வெளிச்சம் வளைய முடியாமல் வெளியே கசிந்துவிடும். ஆகவே முதலில் ஒயரை மெதுவாக எடுத்து, மடிப்பு இருந்தால் நீக்கி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகத் தளர விட்டுப் பாருங்கள். கிளிப்பைக் கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோய் பார்க்க வேண்டாம், அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். முந்தானையால் துடைக்கவும் வேண்டாம்.

அப்படியும் சிவப்பு போகவில்லை என்றால் வெளியில்தான் கோளாறு. அணில் கடித்திருக்கும், வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும், இல்லையென்றால் மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது சேர்த்து வெட்டியிருப்பார்கள். போனில் “ரீஸ்டார்ட் எல்லாம் ஆச்சு, எல்ஓஎஸ் சிவப்பு எரியுது, ஆள் அனுப்புங்க” என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள், அடுத்த கேள்வி வராது.

ஆள் வந்து சரிசெய்ததும் கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்து ‘பவர்’ பார்ப்பார். அதில் வருகிற எண் எவ்வளவு என்று கேட்டு காலண்டர் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27 வந்தால் விளிம்பில் நிற்கிறது, ஒரு காற்றடித்தாலே போய்விடும். ஒவ்வொரு 3 குறையும்போதும் வெளிச்சம் பாதியாகிறது, ஆகவே மைனஸ் 20க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம் ஆறு இல்லை, நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிச்சம். அடுத்த தடவை வருகிறவரிடம் “போன தடவை 20 இருந்துச்சு, இப்போ 26 காட்டுதே” என்று சொல்லிப் பாருங்கள், அவர் ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போவார்.

*

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கை வீட்டில் மட்டும் போகவில்லை. ஏன்?
சிறுதொழில் நடத்துபவர், சிவகாசி

தங்கை வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதுதான் காரணம் என்றால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், தீப்பெட்டியைவிடப் பெரிது, டிபன் பாக்ஸைவிடச் சிறியது. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதே அளவில் வாங்குங்கள். கடைக்காரர் “எல்லாத்துக்கும் செட் ஆகும்” என்பார், ஆகாது.

யுபிஎஸ் வைத்தும் நிற்கிறது என்றால் கேள்வி உங்கள் கேபிள்காரருக்கு. ஃபைபர் நேராக வீடு வரை வந்தால், நடுவில் கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டியில் வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான் இருக்கும், அதற்கு மின்சாரமே வேண்டாம். தெருவே இருட்டாக இருந்தாலும் அவர் ஆபீஸில் பேட்டரி இருந்தால் உங்களுக்கு நெட் வரும். சில இடங்களில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும், மின்சாரத்தில் ஓடுகிற ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து நீல நிற லேன் ஒயரை வீடு வீடாக இழுத்திருப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் எல்லோருக்கும் போச்சு. கனெக்‌ஷன் எடுக்கும்போதே “ஃபைபர் என் வீட்டுக்குள்ளே வருமா, மாடி வரைக்கும்தானா” என்று கேட்டுவிட வேண்டும்.

*

சிங்கப்பூரில் வேலை. காரைக்குடியில் அம்மா வீட்டு சிசிடிவியை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நெட் கம்பெனி மாற்றியதிலிருந்து கேமரா வரவில்லை. கேமராக்காரர் நெட்காரரைக் காட்டுகிறார், நெட்காரர் கேமராக்காரரைக் காட்டுகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். முன்பு வீட்டுக்கென்று தனி முகவரி, அதாவது பொது ஐபி, இருந்திருக்கும். நீங்கள் வெளியிலிருந்து அந்த முகவரிக்கு வந்து கதவைத் தட்டினீர்கள், கேமரா திறந்தது. ஐபி முகவரிகளுக்குப் பஞ்சம், அதனால் புதுக் கம்பெனி நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அபார்ட்மென்ட் வாசல் வரை வந்துவிட்டீர்கள், எந்த வீடு என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, அதுதான் நிலைமை. ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் காட்டுகிற இன்டர்நெட் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் இதேதான். வழி இரண்டு. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கென்றே மாறாத முகவரி, கேளுங்கள். இல்லையென்றால் கேமராக்காரரிடம் ‘க்யூஆர் கோட் ஸ்கேன் செய்து பார்க்கிற மாதிரி’ மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த முறையில் கேமராவே வெளியே வந்து உங்களைத் தேடும். அம்மா வீட்டுக்கு இரண்டாவது போதும். கேமராவின் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

*

எங்கள் ஊரில் எந்த ஃபைபரும் இல்லை. ஏர்ஃபைபர் என்று ஒன்று விளம்பரத்தில் வருகிறதே, நம்பலாமா?
விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பேரில்தான் ஃபைபர். 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தவை, வீட்டுக்கு வருவது டவர் சிக்னல். மாடியில் ஒரு பெட்டி வைத்து சிக்னலை வாங்கி, உள்ளே ரூட்டருக்குக் கொடுப்பார்கள். டவர் பக்கத்தில் இருந்து, நடுவில் தென்னந்தோப்பு மறைக்காமல் இருந்தால் நன்றாகவே ஓடும். செல்போனிலேயே 5ஜி தடுமாறுகிற இடம் என்றால் யோசிக்க வேண்டும். மாத டேட்டா அளவும், நம் பக்கமிருந்து அனுப்புகிற (அப்லோட்) வேகமும் ஃபைபரைவிடக் குறைவாக இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

அதற்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கிராமங்களுக்கு நெட் கொண்டுபோகிற மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கிற வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் கையில் இருக்கிறது. ஊராட்சி வரை ஒயர் வந்திருந்தால், அங்கிருந்து வீடுகளுக்குக் கொடுக்க உள்ளூரில் யாராவது எடுத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பிஎஸ்என்எல் எக்ஸ்சேஞ்சிலும் கேளுங்கள், பல ஊர்களில் பிஎஸ்என்எல் ஃபைபரை வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பது உள்ளூர் கேபிள்காரர்கள்தான்.

*

வீடு மாறினோம், கனெக்‌ஷனை நிறுத்தச் சொல்லிவிட்டோம், ரூட்டரையும் கொடுத்தாயிற்று. டெபாசிட் வரவில்லை, பில் மட்டும் மாதாமாதம் வருகிறது.
வங்கி ஊழியர், வேலூர்

எனக்கும் நடந்தது. ரூட்டரை வாங்கிக்கொண்டு போன பையனிடம் நான் ரசீது கேட்கவில்லை, மரியாதையாகப் பேசினானே என்று விட்டுவிட்டேன், பல மாதம் கழித்து ரூட்டருக்குப் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தது. உங்களிடம் ரசீது இருந்தால் பாதிக் கவலை விட்டது. இல்லையென்றால் ரூட்டரைக் கொடுத்த தேதியையாவது குறிப்பிட்டு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் சொன்னது காற்றோடு போகும்.

முறை இதுதான். கஸ்டமர் கேரில் புகார் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். தீரவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், இருந்தே ஆக வேண்டும், அவர் விவரம் கம்பெனியின் வெப்சைட்டில் கிடைக்கும், முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பலர் நேராக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுகிறார்கள், தனிநபர் புகாரை டிராய் விசாரிக்காது. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அல்லது மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2009இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி ‘தொலைபேசி வழக்கெல்லாம் இங்கே வராது’ என்று நெடுநாள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாய் டெபாசிட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, மேல்முறையீடு என்ற வார்த்தையை எழுத்தில் பார்த்தாலே பெரும்பாலும் போன் வந்துவிடும்.

*

ராத்திரி ரூட்டரை அணைத்து வைத்தால் கரண்ட் பில் குறையுமா?
கல்லூரி மாணவி, மதுரை

10 வாட் ரூட்டர் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினாலே கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு, இரண்டு மாத பில்லுக்கு 15 யூனிட் வரும். ராத்திரி மட்டும் அணைத்தால் நாலைந்து யூனிட் மிச்சம். அப்பா சொல்கிறார் என்றால் அணைத்துவிடுங்கள், வாதாடுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

*

பக்கத்து வீட்டுக்காரர் வைஃபை பாஸ்வேர்ட் கேட்கிறார். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.
வாசகி, தாம்பரம்

கனெக்‌ஷன் உங்கள் ஆதாரில் எடுத்தது, அவர் வீட்டிலிருந்து யாராவது ஏதாவது செய்தாலும் போலீஸ் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான். முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை என்றால் ரூட்டர் செட்டிங்கில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும், அவசரத்துக்கு அதை மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மறுநாள் “நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரலையே” என்று வந்தால், கேபிள்காரர் போன் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.